பள்ளியின் சராசரி குறைந்தால் பிள்ளையை மாற்றிவிட வேண்டுமா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. இவர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்கிறார். மகள் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் வழியில் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். கால்நடை மருத்துவராக வேண்டும் என்பது அவள் ஆசை. 2025 பிப்ரவரியில் மாநில அளவில் நடந்த அடைவுத் தேர்வில் அந்தப் பள்ளியின் சராசரி ஊராட்சி ஒன்றியத்தின் சராசரியைவிடக் குறைவு என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் நடந்த அதே வாரத்தில், தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வுக்காகப் பள்ளி நடத்திய பயிற்சித் தேர்வில் மகள் 180க்கு 75 வாங்கியிருக்கிறாள். ‘கிளாஸ் ஆவரேஜே உன்னாலதான் போகுது’ என்று ஓர் ஆசிரியர் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான ‘திறன்’ பயிற்சிக் குழுவிலும் ஆங்கிலத்துக்காக அவளைச் சேர்த்துவிட்டார்கள். இதற்கிடையே, டியூஷன் சென்டர் ஒன்று இலவசமாகத் தேர்வு வைத்து, ‘நுண்ணறிவு சராசரிக்குக் கீழ்’ என்று அச்சிட்ட தாளைக் கொடுத்திருக்கிறது. தேர்வு நாள் காலையில் மகளுக்கு வயிற்றுவலி வருகிறது. கொழுந்தனார் மகன் மெட்ரிக் பள்ளியில் 90க்குக் குறையாமல் வாங்குவதால் கணவரும் தினமும் ஏசுகிறார். ‘கழுத்துச் செயினை அடகு வைத்தாவது மெட்ரிக் பள்ளிக்கு மாற்றிவிடவா? இப்படியே போனால் எட்டாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவார்களா? என் பிள்ளைக்கு உண்மையிலேயே மூளை குறைவா?’ என்று கேட்டிருக்கிறார். பயிற்சித் தேர்வின் வினாத்தாள், ஓ.எம்.ஆர். தாள் (விடைக்குரிய வட்டத்தை நிரப்பும் விடைத்தாள்), விடைக்குறிப்பு மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மூன்று தாள்களையும் அனுப்பியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோடு பணியாற்றும் உளவியல் ஆலோசகர் என்ற முறையில் மதிப்பெண் பற்றிய கவலையோடு வரும் பெற்றோரை நான் அடிக்கடி சந்திக்கிறேன். மதிப்பெண்ணைச் சொல்பவர்களே அவர்களில் மிகுதி; விடைத்தாளைக் கொண்டுவருபவர்கள் குறைவு. நீங்கள் கொண்டுவந்ததால்தான் உங்கள் கேள்விகளில் பாதிக்கு என்னால் திட்டவட்டமாகப் பதில் சொல்ல முடிகிறது.

52ஆவது வரிசையில் நடந்தது

இந்தப் படிப்புதவித் தொகைத் தேர்வில் இரண்டு தாள்கள் உண்டு. மனத்திறன் தாளில் 90 வினாக்கள், பாடத்திறன் தாளில் 90 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். உங்கள் மகள் மனத்திறனில் 41, பாடத்திறனில் 34 வாங்கியிருக்கிறாள். பாடத்திறன் தாளைப் பார்க்கும்போது எனக்கு முதலில் உறுத்தியது, ஓ.எம்.ஆர். தாளின் 90ஆவது வரிசை காலியாக இருந்ததுதான். வினாத்தாளில் 90ஆவது வினாவுக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘ஆ’ என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறாள். விடை தெரிந்திருக்கிறது, ஆனால் அதை நிரப்ப இடம் இருந்தும் நிரப்பவில்லை. பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. சமூக அறிவியல் பகுதியில் 52ஆவது வினாவுக்கு விடை தெரியாததால் அதை விட்டுவிட்டு 53க்குப் போயிருக்கிறாள், ஆனால் விடைத்தாளில் 53இன் விடையை 52ஆவது வரிசையில் நிரப்பிவிட்டாள். அதிலிருந்து கடைசிவரை ஒவ்வொரு விடையும் ஒரு வரிசை மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

முதல் 51 வினாக்களில் அவளுக்கு 27 சரி. 53 முதல் 90 வரையிலான 38 வினாக்களில், வினாத்தாளில் அவள் பென்சிலால் குறித்து வைத்த விடைகளை விடைக்குறிப்போடு ஒப்பிட்டால் 22 சரி. வரிசை மாறிய ஓ.எம்.ஆர். தாளில் தற்செயலாகப் பொருந்தியவை 7 மட்டுமே. ஆகவே பாடத்திறனில் அவளுக்குத் தெரிந்தது 49 மதிப்பெண்ணுக்கு உரியது. தாளில் விழுந்தது 34. மொத்தத்தில் 75 என்பது 90 ஆக இருந்திருக்க வேண்டும். இந்த 15 மதிப்பெண் இழப்புக்கும் அவள் அறிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓ.எம்.ஆர். தாள் அவளுக்குப் புதிது, அவ்வளவுதான்.

மனத்திறன் தாளில் வேறு கதை. எண் தொடர்களிலும் ஒப்புமை வினாக்களிலும் அவள் நன்றாகச் செய்திருக்கிறாள். கண்ணாடிப் பிம்பம், கனசதுரத்தின் பக்கங்கள் போன்ற வினாக்களில் தடுமாறியிருக்கிறாள். கடைசி 15 வினாக்களுக்கும் ஒரே எழுத்தை நிரப்பியிருக்கிறாள்; நேரம் போதாமல் போன பிள்ளை செய்யும் காரியம் அது. பக்கங்களின் ஓரத்தில் அவள் போட்டிருக்கும் கணக்குகளை எண்ணிப் பார்த்தேன். ஒரே பெருக்கலை மூன்று இடங்களில் திரும்பச் செய்து சரிபார்த்திருக்கிறாள், ஓரிடத்தில் அழித்து அழித்துத் தாளே கிழிந்திருப்பது ஜெராக்ஸில்கூடத் தெரிகிறது. தவறு செய்துவிடுவோமோ என்ற பயம்தான் அந்த நேரத்தைத் தின்றிருக்கிறது.

நுண்ணறிவு பற்றிய அந்த அச்சிட்ட தாள்

டியூஷன் சென்டர் கொடுத்த தாளைத் தயவுசெய்து மகளின் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். மனத்திறன் தேர்வு என்ற பெயரைக் கேட்டதும் அது மூளையை அளக்கும் கருவி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். எண் தொடர், ஒப்புமை, வடிவங்கள் போன்ற வகைகளில் பழக்கம் இருக்கிறதா, குறித்த நேரத்தில் செய்ய முடிகிறதா என்பதையே அது பார்க்கிறது. ஒரு மாதம் பழகினாலே பிள்ளைகளின் மதிப்பெண் ஏறுவதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். நுண்ணறிவை அளப்பதற்கான சோதனை வேறு. பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, ஒன்றரை இரண்டு மணி நேரம் பேசியும் செய்யச் சொல்லியும் நடத்துவது அது. இருபது பிள்ளைகளை ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார வைத்து அரை மணி நேரத்தில் நடத்தும் தேர்விலிருந்து ‘சராசரிக்குக் கீழ்’ என்று எழுத யாருக்கும் தகுதி இல்லை. கீழேயே கட்டண விவரமும் அச்சிட்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற கேள்வியை இதோடு கலக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், தமிழ்ப் பாடத்தைச் சரளமாக வாசிக்கிறாள், கணக்கைத் தானாகப் போடுகிறாள். அதனால் எனக்கு அந்தச் சந்தேகம் எழவில்லை. ஆனால் கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டு வருகிறாள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இந்த மாதமே காட்டிவிடுங்கள். கண்ணாடி போட்ட பிறகும் எழுத்துகள் இடம் மாறுவது தொடர்ந்தால் அப்போது எனக்கு எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொள்கிறது, தேவைப்பட்டால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு.

பள்ளியின் சராசரி யாருடைய சராசரி?

பிப்ரவரியில் அந்த அடைவுத் தேர்வை எழுதியவர்கள் 3, 5, 8 ஆகிய வகுப்புப் பிள்ளைகள். உங்கள் மகள் அப்போது 7ஆம் வகுப்பில் இருந்தாள். அந்தத் தேர்வை அவள் எழுதவே இல்லை. உங்களிடம் சொல்லப்பட்ட 8ஆம் வகுப்புச் சராசரி, இப்போது வேறு பள்ளிகளில் 9ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுடையது. அதை வைத்து உங்கள் மகளைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. இப்படிப்பட்ட அடைவுத் தேர்வுகள், தேசிய அளவில் 2017இலும் 2021இலும் நடந்தவையும்கூட, எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் எந்தத் திறன் பின்தங்கியிருக்கிறது என்று அரசு அறிந்துகொள்வதற்காக நடத்தப்படுபவை. தனிப்பட்ட பிள்ளைக்குத் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வகுப்பில் 14 பேர்தான் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 12 பேர் 60 வாங்கி, 2 பேர் 10 வாங்கினால், வகுப்புச் சராசரி 53க்கும் கீழே இறங்கிவிடும். வெளி மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவர், தமிழ் எழுத்தையே இப்போதுதான் கற்றுக்கொள்பவர்கள், அந்த வகுப்பில் இருந்ததாகவும் சொல்கிறீர்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கும் பள்ளியின் சராசரி சற்றுக் குறைந்தால் அது பள்ளியின் குற்றமாகிவிடாது. ஒரே வகுப்பில் 80 பிள்ளைகள் படிக்கும் பள்ளியோடு அதை ஒப்பிடுவதும் சரியான ஒப்பீடாகாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையே இங்குள்ள பெற்றோரை, ஓர் எண் சற்றுக் குறைந்தாலும் பதறவைக்கிறது என்பதை இத்தனை ஆண்டுகளில் உணர்ந்திருக்கிறேன்.

அதற்காகப் பள்ளியைக் கேள்வி கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில், ‘சராசரி ஏன் குறைந்தது?’ என்பதற்குப் பதிலாக, ‘எந்தப் பாடத்தில், எந்தத் திறனில் குறைந்தது? இந்த ஆண்டு அதற்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய கேள்வி அது.

‘திறன்’ குழுவும் அப்படி ஒரு பதில்தான். 2025-26இல் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குத் தொடங்கிய அந்தப் பயிற்சியில், அடிப்படை மதிப்பீட்டில் பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் விட்டுப்போனவற்றைக் கற்றுக்கொடுக்கிறார்கள். மக்குப் பிள்ளைகளின் வகுப்பு என்று ஊரில் பேசுவதைக் காதில் வாங்காதீர்கள். உங்கள் மகளுக்கு ஆங்கிலத்தில் உதவி தேவை என்பது அவள் தாள்களிலும் தெரிகிறது; அது கட்டணமில்லாமல் பள்ளி நேரத்திலேயே கிடைக்கிறது.

எட்டாம் வகுப்பில் நிறுத்துவார்களா?

நிறுத்த மாட்டார்கள். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 2019இல் மத்திய அரசு கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைப்பதா என்பதை மாநிலங்களின் முடிவுக்கு விட்டது. தமிழ்நாட்டிலும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் ரத்து செய்யப்பட்டது. பிள்ளைகளை நிறுத்திவைப்பது பற்றி 2024 டிசம்பரில் வந்த செய்தி மத்திய அரசின் கீழுள்ள பள்ளிகளைப் பற்றியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு வரை தேர்ச்சியை நிறுத்திவைக்கும் நடைமுறை இல்லை.

பள்ளியை மாற்றினால் எதையெல்லாம் விட வேண்டியிருக்கும்

இதை நீங்கள் இருவரும் சேர்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுவது உங்கள் உரிமை, அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செயினுக்குக் கிடைக்கும் பணம் மட்டுமே அதன் விலை என்று நினைத்துவிடாதீர்கள்.

படிப்புதவித் தொகைத் தேர்வை அரசு, அரசு உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளின் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் மட்டுமே எழுத முடியும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். குறைந்தபட்சத் தகுதி 40 சதவீதம், அதாவது 180க்கு 72. பட்டியல் பிரிவினருக்கும் பழங்குடியினருக்கும் 32 சதவீதம். வரிசை மாறிய தாளிலும் உங்கள் மகள் 72ஐத் தாண்டியிருக்கிறாள். ஆனால் இதை வைத்து நிச்சயம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 6,695 பேருக்குத்தான் ஒதுக்கீடு, அதனால் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டிய பலருக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டாலும் எதையும் இழக்கப்போவதில்லை என்று மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இதைவிடப் பெரியது, அவளுடைய கால்நடை மருத்துவ ஆசை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அதே அளவு இடங்களைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளிலும் தருகிறது. இடையில் ஓராண்டு தனியார் பள்ளியில் படித்தாலும் அந்த வாய்ப்பு கைநழுவிவிடும். உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அரசுப் பள்ளிப் படிப்பு வேண்டும். அது பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். திருச்சபைகளும் பிற நிர்வாகங்களும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் இங்கே ஏராளம். ‘அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல் மாதிரிதானே’ என்று பெற்றோர் இயல்பாகச் சொல்வார்கள். பல நல்ல பள்ளிகள் அவற்றில் இருக்கின்றன. ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. உங்கள் மகள் படிப்பது நடுநிலைப் பள்ளி என்பதால், அடுத்த ஜூனில் எப்படியும் வேறு பள்ளியில் 9ஆம் வகுப்பு சேர்ந்தாக வேண்டும். உண்மையில் நீங்கள் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு அதுதான். அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிகளை இந்த ஆண்டுக்குள்ளேயே நேரில் போய்ப் பாருங்கள். பஸ் வசதி எப்படி, 11ஆம் வகுப்பில் உயிரியல் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் மெட்ரிக் பள்ளியில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது எல்.கே.ஜி. அல்லது 1ஆம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்புகளுக்கு மட்டுமே. 8ஆம் வகுப்புக்கு இல்லை. மேலும், ஆங்கிலத்தில் உதவி தேவைப்படும் ஒரு பிள்ளையை 8ஆம் வகுப்பின் நடுவில் ஆங்கில வழிக்கு மாற்றினால், இப்போது அவளுக்குப் புரிகிற அறிவியலும் சேர்ந்து கடினமாகிவிடும். கொழுந்தனார் மகன் வாங்கும் 90, அவன் பள்ளியே தயாரித்து அந்தப் பள்ளியே திருத்திய தாளுக்கானது. அந்தப் பையனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

வகுப்பில் சொன்ன சொல்லும் வயிற்றுவலியும்

அந்த ஆசிரியர் சொன்னது தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடலைத் தண்டிப்பதை மட்டுமின்றி மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. ஆனாலும் புகாரில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. பள்ளிகளின் எண்களை ஒப்பிட்டுக் கூட்டங்களில் கேள்வி கேட்கும்போது, அந்த அழுத்தம் தலைமையாசிரியரிடமிருந்து ஆசிரியருக்கும் ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்கும் இறங்கிவிடுகிறது. அவரும் அதில் சிக்கியவராக இருக்கலாம். தலைமையாசிரியர் முன்னிலையில் அவரைச் சந்தித்து, ஓ.எம்.ஆர். தாளைக் காட்டி, பிள்ளையிடம் நல்ல வார்த்தை பேசும்படி கேளுங்கள். அதன் பிறகும் தொடர்ந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தாகக் கொடுக்கலாம், 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணிலும் சொல்லலாம். உங்கள் பெயர் தெரிந்தால் பிள்ளைக்கு இடைஞ்சல் வருமோ என்ற அச்சம் நியாயமானதே. அதனால்தான் நேரில் பேசுவதை முதலில் வைக்கிறேன்.

வயிற்றுவலி நடிப்பு என்று உங்கள் கணவர் நினைக்கிறார். அப்படி இல்லை. பயந்த உடம்பில் குடல் உண்மையாகவே இறுகி வலிக்கும். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வேறு நோய் இல்லை என்று தெரிந்தால், வலிக்கும்போது ‘சும்மா இரு’ என்று அதட்டாமல், ‘வலிக்குது இல்லியா, கொஞ்சம் வெந்நீர் குடிச்சிட்டுப் போ’ என்று சொல்லி அனுப்புங்கள். வலியைச் சொல்லித் தேர்வைத் தவிர்க்கவும் விட வேண்டாம், வலியைப் பொய் என்று சொல்லவும் வேண்டாம். சோறு போடும்போது மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதை ஒரு மாதத்துக்கு இருவரும் நிறுத்திப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஆடம்பரம் எதுவும் வேண்டாம். பள்ளியில் வெற்று ஓ.எம்.ஆர். தாள் பத்து கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு நாள், ஒரு தாள், கடிகாரத்தோடு. நிரப்பும்போது அளவுகோலை அந்த வரிசைக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பத்தாவது வினாவிலும் வினா எண்ணும் வரிசை எண்ணும் ஒன்றா என்று பார்க்கட்டும். தெரியாத வினாவுக்கு வினாத்தாளில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்து, கடைசியில் திரும்பி வரட்டும். ஒரு கணக்கை ஒருமுறைக்கு மேல் சரிபார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இதற்கு டியூஷன் தேவையில்லை.

உங்கள் கணவரிடம் இதையெல்லாம் வாதமாகச் சொல்ல வேண்டாம். விடியலுக்கு முன்பே எழுந்து தோட்டத்துக்குப் போகும் மனிதரிடம் இரவில் பேசினால் சண்டையில்தான் முடியும். மழையால் வெட்டு இல்லாத ஒரு நாள் காலையில் அவரை உட்கார வைத்து, வினாத்தாளையும் ஓ.எம்.ஆர். தாளையும் மகளின் கையில் கொடுங்கள். 52ஆவது வரிசையில் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு விடையும் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவளே அவருக்கு எண்ணிக் காட்டட்டும்.